ராஸ்லினுக்குப் பிடித்த ஐ.சி. எது?

டெவன்போர்ட்,
ஞாயிறு மத்தியானம், துணி காய்கிற வெயில்.

அன்பும் மரியாதையும் அளவான பயமும் கொண்டு கோரலி அக்காவுக்கு உன் தங்கை ரேலீன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். என் வீட்டுக்காரர் கார்த் சௌக்கியம். அவருடைய இடது முழங்கால் மட்டும் நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று டி.வி.க்காரனுக்கு முந்திச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோழிகள் சௌக்கியம், முட்டை தாராளம். அங்கே கல்கூர்லியில் நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும், வீட்டுக்குள் வந்து படிகிற அந்தச் செம்மண்ணைக்கூட விடாமல், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கடலைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டேன். கடல் வடக்கே இருக்கிறது, கல்கூர்லி மேற்கே இருக்கிறது என்கிறார் கார்த். பரவாயில்லை, வேண்டுதல் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும், வாங்கிக்கொள்.

நம் தம்பி நெவில் விஷயமாக நீ போட்ட கடிதம் வந்தது. 'அந்த ராஸ்லினோடு கல்யாணம் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது' என்று கேட்டிருக்கிறாய். அக்கா, நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டுப் பட்டாணி உறைய வைக்கிற ஃபேக்டரிக்குப் போனவள். ஒரே வார்த்தையில் எழுதும் வித்தையை அதற்கு அப்புறம்தான் சொல்லிக்கொடுத்தார்கள் போலிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் சிரிப்பேன், விஷயம் வாசலோடு நின்றுவிடும். அதனால் ஒரு பெரிய பானை டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் போட்டுக்கொள்.

முதலில் பெண்ணைச் சொல்கிறேன். ராஸ்லின் வடக்கே கெய்ன்ஸ்காரி. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். விரலில் மோதிரம் இல்லை, முன்பு ஒன்று இருந்து கழற்றிய தடம் மட்டும் உண்டு. அதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்தேன் என்றால் அவளை எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நீயே புரிந்துகொள். கப்பல் துறையில் வேலை. மெல்பர்னிலிருந்து காலையில் வந்து சேருகிற கப்பலில் இறங்குகிற ஆட்கள் பழம் காய் எதையும் கொண்டுவந்து நம் தீவுக்குள் பூச்சியை இறக்கிவிடாமல், ஒரு நாயை வைத்துக்கொண்டு பையைப் பார்க்கிற வேலை. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று இங்கே அனுப்பினார்கள். நம் தம்பி ஒரு நாள் மெல்பர்னில் பழைய ரேடியோ சாமான் சந்தைக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பி வந்திருக்கிறான். அந்த நாய் கார் வரிசையில் நின்ற எல்லாரையும் விட்டுவிட்டு நேராக வந்து இவன் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

"பையில பழம் ஏதாவது இருக்கா சார்?" என்று ராஸ்லின் கேட்டிருக்கிறாள்.

"பழமா? இல்லைங்க. ஐ.சி.தான் இருக்கு."

"ஐ.சி.யைப் பாத்து எங்க நாய் உக்காராது சார். திறங்க."

திறந்தால் அடியில் ஒரு ஆரஞ்சு, நசுங்கிக் கூழாகிக் கிடந்திருக்கிறது. வேறு ஒருவனாக இருந்தால் அபராதம் வருமோ என்று முழிப்பான். இவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஜூஸ் அந்தக் கால்ல படாம எடுங்கம்மா, கால் கறுத்துடும்!" என்று கத்தியிருக்கிறான். யாருடைய கால் என்று அவள் குனிந்து பார்த்திருக்கிறாள். அப்புறம் புரிந்துகொண்டு, பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க, காகிதத்தை எடுத்து ஒவ்வொரு ஐ.சி.யாக ஒற்றித் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். நம் தம்பி அங்கேயே விழுந்துவிட்டான். ஐம்பது வயதில் ஒருவனுக்குக் காதல் வர வேண்டும் என்றால் நாய் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஐ.சி. என்றால் என்ன என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கறுப்பாகக் கட்டை மாதிரி இருக்கும், சுண்டு விரல் நகம் அளவு, இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். ஆட்டு உண்ணியைப் பிடித்து இஸ்திரி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆப்-ஆம்ப் என்று பெயர். பாட்டுக் கேட்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இது உட்கார்ந்துகொண்டு, பொடிச் சத்தமாக வருவதைப் பெரிசாக்கி உள்ளே அனுப்புகிறது. இதைப் பிடுங்கிவிட்டு இதே போல இன்னொன்றைச் செருகினால் பாட்டே வேறு மாதிரி கேட்கும் என்பது நெவிலின் மதம். நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கத்துகிற கத்தலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சுத்தமான சத்தம் வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த மதத்தில் இன்னொரு ஆளும் உண்டு, பெவன். முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர், மனைவி போனபின் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் தம்பி வீட்டில் ஆஜர். புது ஐ.சி. போட்டதும் பெவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்: "நெவில், ஒரு திரை விலகின மாதிரி இருக்குப்பா."

ஒரு நாள் நான் கேட்டேன்: "எத்தனை திரைதான்யா விலகும்? இந்நேரம் ஜன்னலே கழண்டு தோட்டத்துல விழுந்திருக்கணுமே."

"உனக்குக் காது பழகல ரேலீன்," என்றார் பெவன்.

"எனக்குக் கார்த்தோட பேச்சே பழகிடுச்சு, இது பழகாதா?"

விஷயத்துக்கு வருகிறேன். வருஷம் பிறந்து, பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் ராஸ்லின் முதல் தடவையாகத் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் அங்கே இல்லை. மறுநாள் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் பல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அக்கா, மீன் வறுத்துப் போட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் ஹால்ல உக்கார வச்சு ஒரு பாட்டுப் போட்டேன். அவ சிரிச்சாக்கா!"

"எதுக்குடா சிரிச்சா?"

"பாட்டுக்குத்தான். அந்தப் பழைய 5532 நம்பர் ஐ.சி.க்கே சிரிக்கிறாள்னா, புது ஐ.சி. போட்டா என்ன ஆகும் யோசிச்சுப் பாரு!"

அங்கேதான் அக்கா பிசகு. நமக்கெல்லாம் ஒரு பெண் சிரித்தால் அடுத்த தடவையும் அதே மீனை வறுப்போம், அதே சட்டையைப் போடுவோம். ஐ.சி. மாற்றுகிறவனுக்கு நன்றாக இருக்கிறதை நன்றாக இருக்கிற மாதிரியே விட்டுவைக்கக் கை வராது. சாயங்காலமே அந்தப் பழையதைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, முட்டை அட்டைக்குள் போட்டுவிட்டு, புதுசைச் செருகினான். அடுத்த வியாழன், அவளுக்கு லீவு நாள், வரச் சொன்னான். குளிர் காற்று என்று பாவம் அவள் கம்பளி ஸ்வெட்டர் போட்டு வந்திருக்கிறாள். கம்பளியில் மின்சாரம் ஏறி ஐ.சி.யைச் சுட்டுவிடும் என்று பெவன் எப்போதோ ஓதி வைத்திருந்தது இவனுக்கு ஞாபகம் வர, வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "ராஸ்லின், தப்பா நினைக்காதீங்க, அந்தத் தோட்டத்துக் குழாயை ஒரு நிமிஷம் பிடிங்க, உடம்புல ஏறின கரண்ட் மண்ணுல இறங்கட்டும், அப்புறம் உள்ள வாங்க" என்றிருக்கிறான். அவளும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாயோடு பழகியவள், பொறுமை அதிகம்.

உள்ளே போனால் ஹாலுக்கு நட்டநடுவில் ஒற்றை நாற்காலி. கம்பளத்தில் டேப் ஒட்டி, நாற்காலிக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று அடையாளம். "தலையை மட்டும் அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டைப் போட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம், பல் டாக்டர் பார்க்கிற மாதிரி. பாட்டு முடிந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறான். ராஸ்லின் பொய் சொல்லத் தெரியாதவள்.

"நல்லா இருந்துச்சு நெவில். ஆனா முதல் நாள் இன்னும் நல்லா இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியம்தான் அக்கா, எங்களை இத்தனை வாரமாக ஆட்டிவைத்தது.

சரி, முதல் நாள் போட்ட ஐ.சி.யையே திரும்பப் போட்டுவிடு, தீர்ந்தது என்றுதான் நானும் சொன்னேன். அதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். தம்பி வீட்டுக்கு முட்டை கொடுக்கப் போனவள், வீட்டில் அட்டை தட்டுப்பாடு, மேஜையில் ஒரு காலி முட்டை அட்டை கிடக்கிறதே என்று எடுத்து, உள்ளே கிடந்த கறுப்புப் பூச்சிகளை ஒரு ஜாம் பாட்டிலில் தட்டிக் கொட்டிவிட்டு, அட்டையைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அது காலி இல்லையாம். ஒவ்வொரு குழியும் ஒரு ஐ.சி.யின் வீடாம். நெவில் அந்த ஜாம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்ற நிலையைப் பார்த்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைப்பாய்.

"எல்லாத்துலயும் ஒரே நம்பர்தானேடா போட்டிருக்கு? எதையாவது எடுத்துப் போடு" என்றேன்.

"நம்பர் ஒண்ணுதான்க்கா. ஆனா பொறந்த ஊர் வேற, பொறந்த வருஷம் வேற, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பாடும். அஞ்சாறுல எழுத்தே உரசிப் போயிருக்கு. இதுல அவ சிரிச்சது எதுக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"நாயைக் கூட்டிட்டு வந்து மோப்பம் பிடிக்கச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை ஒன்றொன்றாகப் போட்டு ராஸ்லினைக் கேட்க வைப்பது என்று முடிவாயிற்று. புது ஐ.சி. செருகினால் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாதாம், அது பழுக்க வேண்டுமாம், அதற்காக நாள் கணக்கில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இவன் பஸ் ஓட்டப் போய்விடுவான், வீட்டுக்குள் யாருமில்லாமல் பாட்டு தன்னால் பாடிப் பழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக் கிளி அந்தப் பாட்டின் டிரம் சத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு விடியற்காலையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வியாழன், ராஸ்லின் பக்கத்தில் வந்து நின்று, "இதை எப்படி மாட்டுவீங்க?" என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தோளில் அவள் மூச்சு பட்டதில் இவனுக்குக் கிழக்கு மேற்கு மறந்துபோயிற்று. ஐ.சி.யின் ஒரு மூலையில் ஒரு புள்ளி உண்டு, அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பெவனை எழுப்பிக் கேட்டால் எட்டு மணி நேரம் பேசுவார். நெவில் அதைத் தலைகீழாகச் செருகி ஸ்விட்சைப் போட்டான். ஒரு சின்னப் 'பட்', அப்புறம் நூலாகப் புகை, அப்புறம் கூரையில் இருக்கிற புகை மணி ஊரைக் கூட்டிற்று. கறிமசாலா போட்ட சிப்பியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு எல்லாரும் புல்தரையில் நின்று சாப்பிட்டோம். அன்றைக்கு ராஸ்லின் வாய் கொள்ளாமல் சிரித்தாள். "பாத்தியாடா, ஐ.சி. இல்லாமலே சிரிக்கிறா" என்று தம்பி காதில் சொன்னேன். "செத்துப்போன அந்த ஐ.சி.தான் அதுவா இருந்தா என்னக்கா பண்றது?" என்கிறான். இவனோடு என்ன பேச?

இதற்கு நடுவில் விஷயம் இறுகிவிட்டது. ராஸ்லினுடைய ஒரு வருஷம் முடிகிறது. இங்கேயே நிரந்தரமாக ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இருக்கிறாயா, கெய்ன்ஸுக்கே திரும்புகிறாயா என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். பதில் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவள் அதை நெவிலிடம் வந்து சொன்னாள். நானும் அப்போது சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அதாவது கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும் நெவில். இருக்கேன்னா இருக்கேன், போறேன்னா போறேன்."

அக்கா, ஒரு பெண் இப்படிச் சொல்லிவிட்டு நின்றால் ஆண்பிள்ளை சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நம் தம்பி ஜாம் பாட்டிலைப் பார்த்தான்.

"அப்ப இன்னும் ரெண்டு மூணு போட்டுப் பாக்க டைம் இருக்கு" என்றான்.

அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போனபின் அவனைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டா மடையா, 'போகாத'ன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?" அப்போதுதான் அவன் என்னிடம் உண்மையைச் சொன்னான். "சொல்லிட்டா மட்டும் என்னக்கா? அவ எதுக்காக இருக்கணும்? நான் பஸ் ஓட்டுறவன், தலையில முடி இல்ல, பேசத் தெரியாது. இந்த வீட்டுல அவளுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அன்னைக்குக் கேட்ட அந்தச் சத்தம். அதைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கேட்டாத்தானே முறை?" இதைக் கேட்டதும் எனக்குக் கிண்டல் வரவில்லை. எனக்கே கிண்டல் வரவில்லை என்றால் பார்த்துக்கொள். இந்த இடத்தில் நீ அழலாம்.

கடைசி வியாழன். மறுநாள் வெள்ளி. நான் சாக்லெட் பூசித் தேங்காய்த்தூளில் புரட்டின கேக்கை எடுத்துக்கொண்டு போனேன். பெவன் மீட்டரும் வயருமாக உட்கார்ந்திருந்தார், ஆபரேஷனுக்கு வந்த மாதிரி. ஜாம் பாட்டிலில் கடைசி ஐ.சி. ஒன்று. நெவில் அதைப் புள்ளி பார்த்து, பெவன் புள்ளி பார்த்து, நானும் எதற்கும் இருக்கட்டும் என்று புள்ளி பார்த்து, செருகியாயிற்று. ராஸ்லின் வந்தாள். சொல்லாமலே குழாயைப் பிடித்துவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், தலையை அசைக்கவில்லை. பாட்டு ஓடிற்று. பெவன் கண்ணை மூடிக்கொண்டு, "திரை..." என்று ஆரம்பித்தார், நான் ஒரு கேக்கை எடுத்து அவர் வாயில் வைத்தேன். பாட்டு முடிந்தது.

நெவில் கேட்டான். "அன்னைக்கு மாதிரி இல்ல. அதானே?"

ராஸ்லின் மெதுவாகத் தலையாட்டினாள். "நல்லாத்தான் இருக்கு நெவில். ஆனா அன்னைக்கு மாதிரி இல்ல."

"முடிஞ்சுது. எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். மன்னிச்சுக்கங்க ராஸ்லின்."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், உனக்குத்தான் தெரியுமே.

"ஏம்மா ராஸ்லின், அன்னைக்கு அன்னைக்குன்னு சொல்றியே, அப்படி என்னதாம்மா கேட்ட அன்னைக்கு?"

இதை அக்கா, இத்தனை வாரமாக ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை! பெவன் கேட்கவில்லை, நெவில் கேட்கவில்லை. எந்த ஐ.சி. என்றே எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அதான், மீன் வறுக்கும்போது" என்றாள் ராஸ்லின்.

"மீன் வறுக்கும்போதா? பாட்டு ஹால்ல சாப்பிட்டப்புறம்தானே போட்டான்?"

"ஹால்லயும் போட்டாரு, அது இதே மாதிரிதான் இருந்துச்சு. நான் சொன்னது அதுக்கு முன்னாடி. சமையல்கட்டுல ஃப்ரிஜ் மேல இருக்கே, அந்தச் சின்ன ரேடியோ. அதுல ஏதோ பழைய பாட்டு வந்துச்சு. இவரு கையெல்லாம் மாவோட மீனைத் திருப்பிக்கிட்டே சத்தமாப் பாடினாரு. வார்த்தை ஒண்ணும் தெரியல. 'என் இதயமே'ன்னு வர்ற இடத்துல 'டர்னர்ஸ் பீச்'னு பாடினாரு. 'கண்ணீரே'ன்னு வர்ற இடத்துல 'ஸ்ப்ரெய்டன் பேக்கரி முக்கு'. பஸ் நிக்கிற இடமெல்லாம் வரிசையா வந்துச்சு. நான் வந்து நின்னதுகூடத் தெரியாது அவருக்கு. ஹால்ல உக்காந்தப்பவும் அதை நினைச்சுத்தான் சிரிச்சேன்." சொல்லிவிட்டுக் கைப்பையின் வாரைத் திருகினாள். "ரொம்ப வருஷமா நான் இருக்கிற வீட்டுல யாரும் பாடினதில்ல."

நெவில் காது நுனிவரை சிவந்துவிட்டான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அது மோனோ ரேடியோ!"

"என்னது?"

"ஒரே ஒரு ஸ்பீக்கர்ங்க! அதுல பேஸே கிடையாது! ஏரியல் ஒடிஞ்சு ஃபோர்க்கைச் சொருகி வச்சிருக்கேன்! அதையா... அதையா நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

அப்போது பெவன் கேக்கை விழுங்கிவிட்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு, யோசனையாக ஒரு கேள்வி கேட்டார்.

"நெவில், அந்த ரேடியோவுக்குள்ள என்னப்பா ஐ.சி. இருக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், நெவிலும் அவரும் ஒரே நேரத்தில் ஃப்ரிஜ் பக்கம் திரும்பினார்கள். பெவன் கை திருப்புளியைத் தேடிற்று. ராஸ்லின் நாற்காலியிலிருந்து பாய்ந்தாள் பார், அவளுடைய நாய்கூட அப்படிப் பாயாது. ஃபோர்க்கோடு சேர்த்து அந்த ரேடியோவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யாராவது இதைத் திறந்தீங்க, நான் நாளைக்கே கெய்ன்ஸ் போயிடுவேன்!"

நான் பெவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். விறகு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. சமையல்கட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது, நான் எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னல் உயரம். உள்ளே ஃப்ரிஜ் திறந்து மூடுகிற சத்தம், வாணலி வைக்கிற சத்தம், ரேடியோ கரகரப்பு. எண்ணெய் பொரிகிறது. பாட்டு மட்டும் வரவில்லை. தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஒருவன் பாடுவானா? அப்புறம் மெதுவாக, சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி, "லட்ரோப்... லட்ரோப்..." என்று ஒரு குரல்.

"சுதி கொஞ்சம் கீழ இருக்கு" என்றார் பெவன்.

"வாயை மூடுய்யா."

குரல் ஏறிற்று. லட்ரோப் போய் ஸ்ப்ரெய்டன் வந்தது, பேக்கரி முக்கு வந்தது, ராஸ்லின் சிரிக்கிற சத்தம் வந்தது. டர்னர்ஸ் பீச் வரவேண்டிய இடத்தில் பாட்டு சட்டென்று நின்றது.

"ராஸ்லின்."

"ம்?"

"கெய்ன்ஸ் போகாத."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. மீன் கருகுது பாரு."

பெவன் மீட்டர் வயரைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைக் கிண்டல் செய்யலாம் என்று திரும்பினேன், அந்தத் துணியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டியதாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக ராஸ்லின் ஆபீசில், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். நெவில் ஆம்ப்ளிஃபயர் மூடியில் எல்லாத் திருகாணியையும் இறுக்கி, இனித் திறக்க மாட்டேன் என்று என் முன்னால் சொல்லிவிட்டான். அந்த ஜாம் பாட்டிலை எனக்கே கொடுத்துவிட்டான், நான் அதில் பட்டன் போட்டு வைத்திருக்கிறேன். ஆக, ஐ.சி. பைத்தியம் தெளிந்தது அக்கா. ஒரு பெட்டியைத் திறந்து என்ன மாற்றினாலும், மனிதன் வாயைத் திறந்து பாடுகிறதற்கு ஈடாகாது என்று நம் தம்பிக்கும் விளங்கிவிட்டது. நான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று யாராவது கேட்டால் நீ சொல்லு.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்து வருகிற சனிக்கிழமை. டர்னர்ஸ் பீச்சில், மணலில். செருப்பு போதும், அத்தானைக் கோட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல். நீ வந்து நின்று தம்பி தலையில் கைவைத்தால்தான் எனக்குத் திருப்தி. தலையில் வழுக்குகிறது, பார்த்து வை. உன் முதுகு வலிக்கும் அத்தானின் மூச்சிரைப்புக்கும் நல்ல காலம் பிறக்கட்டும், பேரப்பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டு வளரட்டும், முடியாவிட்டால் என் பேச்சைக் கேட்காமலாவது வளரட்டும். கார்த்தும் முழங்காலும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் அடங்காத தங்கை,
ரேலீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டி ரொட்டி டப்பா மேல் வைத்து இரண்டு வாரமாக மறந்துவிட்டேன். இப்போது கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதினதில் கல்யாணத்தை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அடித்துவிடு. இன்று மத்தியானம் ராஸ்லின் வந்தாள்.

"ரேலீன், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டியே?"

"கல்யாணம் வேண்டாம்னு மட்டும் சொல்லிடாத தாயே, கேக்குக்குச் சொல்லியாச்சு."

"கல்யாணமெல்லாம் உண்டு. உன் தம்பி பாடுறான்."

"பாடட்டுமே! அதுக்குத்தானே போகாம இங்க இருந்தே?"

"மீன் வறுக்கும்போது பாடினான், அழகா இருந்துச்சு. இப்ப பல் தேய்க்கும்போது பாடுறான். குளிக்கும்போது பாடுறான். செருப்பு தேடும்போது பாடுறான். பஸ் நிக்கிற ஊரெல்லாம் தீந்துபோய், கடலைத் தாண்டி மெயின்லாண்டுக்குப் போயிட்டான். நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அடிலெய்டு வந்துட்டான். இன்னும் ரெண்டு நாள் விட்டா உங்க கோரலி அக்கா ஊரைத் தொட்டுடுவான்."

"அப்ப என்ன பண்ணினே?"

"ஹாங்காங்ல இருந்து நானே ரெண்டு ஐ.சி. தருவிச்சேன். மூடியை நானே கழட்டிக் கொடுத்து, இந்த ரெண்டுல எது நல்லா இருக்குன்னு எனக்குப் புரியல, நீ ஹெட்போன் போட்டுப் பொறுமையா கேட்டுச் சொல்லுன்னேன். காலைல உக்காந்தவன், பெவனும் பக்கத்துல. ரெண்டு பேரும் இன்னும் வாயே திறக்கல."

நான் அவளையே பார்த்தேன். "உண்மையைச் சொல்லு ராஸ்லின். ஐ.சி. மாத்தினா நிஜமாவே வித்தியாசம் தெரியுதா?"

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத் தெரியுது ரேலீன். வீடே அமைதியா இருக்கு."